வரத்துக்கால் போகிற நிலம்

1

நான் இருக்கிற ஸ்காட்லாந்து ஊரில் மழை பெய்தால் யாரும் வாசலுக்கு வந்து பார்ப்பதில்லை. நான் மட்டும் பார்க்கிறேன். பரளச்சிப் பக்கத்துக் கரிசலில் பிறந்துவிட்டு, மழை பெய்யும்போது வீட்டுக்குள் உட்கார்ந்து டிவி பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை. அந்தப் புத்திதான் இந்த வருடம் என்னை அக்கம்பக்கத்தார் முன்னால் கையைக் கட்டி நிற்க வைத்தது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய விளையாட்டுத் திடல் கிடக்கிறது. கொரோனா சமயத்தில் கடைகளில் அலமாரிகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்து அரண்டுபோன சிலர், அந்த இடத்தை நகராட்சியிடம் கேட்டு வாங்கித் தோட்டம் போட்டார்கள். பருவநிலை கெட்டுக்கொண்டே வருகிறது, நாளைக்கு லாரி வரவில்லை என்றால் இந்தத் தெருவுக்கு இந்தத் தெருவே சோறு போட்டாக வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. சோறு என்று நான் சொல்கிறேன். அவர்கள் போட்டது உருளைக்கிழங்கு.

என் மகள் கயல்தான் என்னை அங்கே இழுத்துப் போனாள். கல்லூரியில் படிக்கிறாள், பூமி சூடாவதைப் பற்றி வீட்டில் அவள் பேசாத நாளே இல்லை. 'எங்கம்மா வறட்சியான ஊர்ல பிறந்தவங்க' என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். உடனே எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. குழுவை நடத்துகிற மார்கரெட் அம்மாள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கு வரப்போகிற காலத்தை நீங்கள் ஏற்கனவே வாழ்ந்து பார்த்திருக்கிறீர்கள்" என்றார். பள்ளிக்கூடச் சமையல்கட்டில் தட்டுக் கழுவுகிறவளை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தக் கோடையில் கொஞ்ச நாள் தொடர்ந்து மழை இல்லை. குழாயில் தண்ணீர் பாய்ச்சக் கூடாது என்று உத்தரவும் வந்தது. ஆளாளுக்குப் பதறினார்கள். நானா பதறுவேன்? மண்வெட்டியை எடுத்து என் பாத்தியைச் சுற்றி வரப்புப் போட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். மார்கரெட் பாத்திக்கும் அதற்கடுத்த பாத்திக்கும் சேர்த்து நல்ல உயரமாகப் போட்டுவிட்டேன். பெய்கிற மழை ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது என்பது எங்கள் ஊரில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கைக்கு வருகிற வேலை. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள், ஒருவர் படம்கூட எடுத்தார்.

பிறகு மழை பிடித்தது. பிடித்தது விடவே இல்லை. இந்த ஊரில் தண்ணீரை வெளியேற்றத்தான் வழி செய்ய வேண்டுமாம், நிறுத்தினால் அழுகிவிடுமாம். மூன்று பாத்தியிலும் தண்ணீர் கட்டிக்கிடந்து கிழங்கெல்லாம் கூழாகி நாற்றம் எடுத்துவிட்டது. மார்கரெட் வந்து பார்த்துவிட்டு, "சுவாரசியமான முயற்சி" என்றார். இந்த நாட்டில் ஒன்றைச் சுவாரசியம் என்று சொன்னால் நாசமாய்ப் போனது என்று அர்த்தம். அடுத்த கூட்டத்தில், முன் அனுமதி பெறாமல் தண்ணீர் தேக்கும் அமைப்பு எழுப்பப்பட்டது பற்றி விவாதிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் போனது. ஒரு சாண் வரப்புக்கு இப்படி ஒரு பெயர்.

2

அந்த வாரம்தான் மதினி போன் செய்தார்.

பேச்சி மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் தவறிப்போன பிறகு மூன்று ஏக்கர் மானாவாரி நிலமும் பட்டாவில் மதினி பேரிலும் என் பேரிலும் கூட்டாக இருக்கிறது. உழுவதும் விதைப்பதும் அவர்தான். பட்டாவில் பெயர் இருக்கிறது என்பதைத் தவிர நான் அந்த மண்ணுக்கு ஒன்றும் செய்ததில்லை. அவர் மகன் தன் பங்கை அம்மாவுக்கே விட்டுக்கொடுத்துவிட்டுத் திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறான்.

"செல்வி, சோலாரு கம்பெனிக்காரவுக வந்துருந்தாக," என்றார். "நம்ம எடத்த நீண்ட காலக் குத்தகைக்குக் கேக்குறாக. வடக்க இருக்கவுக எல்லாரும் குடுத்துட்டாக. நம்மது நடுவுல கெடக்கு. ஒன் கையெழுத்தும் வேணுமாம்."

"நீங்க என்ன மதினி சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? ரெண்டு பேரு பட்டா. வெளிநாட்டுல இருக்கா, அவளக் கேக்கணும்னு சொல்லிட்டேன். நீ சொல்லு. நீ என்ன சொன்னாலும் சரி."

இங்கே ஒன்றைச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் ஊரில் எல்லோரும் மக்காச்சோளத்துக்கு மாறி, அது புழுவுக்கும் பன்றிக்கும் போக, வருகிற மழையும் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போக ஆரம்பித்த பிறகு, பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு விதை அறை தொடங்கினார்கள். பழைய சத்துணவுக்கூடக் கட்டிடம். பிளாஸ்டிக் டிரம்களில் குதிரைவாலி, கம்பு, சோளம், உளுந்து. மேலே சாம்பலும் வேப்பிலையும். விதைக்கிறவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம், அறுத்த பிறகு கொஞ்சம் கூட்டிக் கொண்டுவந்து போட வேண்டும். பொய்த்துப்போன வருடத்தில் சாப்பாட்டுக்கும் அதிலிருந்தே கொடுத்தார்கள். அந்த அறைச் சாவி மதினியிடம்தான் இருக்கிறது.

அதே கூட்டம்தான் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற கால்வாயையும் வெட்டியது. வரத்துக்கால் என்போம். வருடக்கணக்காக வேலிக்கருவை மூடிக் கிடந்ததை வேரோடு பிடுங்கினார்கள். அந்த வரத்துக்கால் எங்கள் நிலத்தின் கீழ்க்கோடியில் குறுக்கே போகிறது. காகிதத்தில் அது எங்கள் பட்டா. தண்ணீருக்குப் பட்டாவெல்லாம் தெரியாது, அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சோலாருக்குக் கொடுத்தால் நிலத்தைச் சமப்படுத்தி வேலி போடுவார்கள். குழாய் பதித்துத் தண்ணீரைக் கடத்திவிடுகிறோம் என்று கம்பெனித் தரகர் சொன்னாராம். வண்டல் அடைத்துக்கொண்டால் குழாய்க்குள் யார் இறங்குவது என்று ஊரில் கேட்டார்களாம்.

எனக்கு மண்டை குழம்பிவிட்டது. சூரிய மின்சாரம் நல்லது என்று என் மகள் தினமும் ஓதுகிறாள். கண்மாய் நிறைவது நல்லது என்று எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். இரண்டு நல்லதும் ஒரே மூன்று ஏக்கருக்குள் வந்து முட்டிக்கொண்டு நின்றால், யாரை நல்லவர் என்பது?

3

வரப்புக் கூட்டத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். கேட்ட கையோடு, போன மானத்தைக் கொஞ்சம் மீட்கலாம் என்று, எங்கள் ஊரிலும் இதே மாதிரி ஒரு குழு இருக்கிறது என்று ஆரம்பித்தேன். விதை அறையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த ஜோரில் சோலாரையும் சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். முன்னாள் பொறியாளர் ஒருவர், நிலக்கரியை நிறுத்த வேண்டுமென்றால் வெயில் அடிக்கிற ஊரில்தானே சோலார் பலகை வைக்க முடியும் என்றார். மார்கரெட், உணவு விளைகிற மண்ணை ஒருபோதும் மூடக் கூடாது என்றார். எங்கள் மண்ணில் பாதி வருடம் முள்தான் விளைகிறது, அதையும் வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பலர் பிழைக்கிறார்கள் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் விவாதம் என்னைத் தாண்டிப் போய்விட்டது. கடைசியில் யாரோ, ஒரு பேச்சுக்கு ஓட்டுப் போட்டுப் பார்க்கலாமே என்றார்கள்.

தேநீர்க் கோப்பையும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்துகொண்டு, கரிசல் எந்த நிறம் என்றுகூடத் தெரியாதவர்கள் என் நிலத்துக்குக் கை தூக்கினார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னையே கேட்காமல் எண்ணுகிறார்கள்! கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. சோலாருக்குத் தூக்கிய கைகளில் என் மகள் கையும் ஒன்று.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "ஒன் தாத்தா உழுத நிலம்டி அது."

"தெரியும்மா. But இப்ப யாரு உழுறாங்க?"

"அத்தைதான்."

"அத்தைக்கு என்ன வேணுமாம்?"

"அவுகதான விதை அறைச் சாவி வச்சிருக்காக? அப்புறம் என்ன வேணும்பாக?" என்றேன். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். நான் தமிழில் சண்டை போட ஆரம்பித்தால் அவள் செய்கிற வேலை அது. இவளுக்கு உலகம் முழுவதும் வேண்டியிருக்கிறது, பரளச்சி மட்டும் வேண்டாமா என்று அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர், "நீ மட்டும் பரளச்சியிலயா இருக்க?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

4

கொடுப்பதோ மறுப்பதோ, என் சார்பில் ஊரில் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று தரகர் பக்கத்தில் சொன்னார்கள். அதற்குத் தூதரக அலுவலகம், அத்தாட்சி, புகைப்படம் என்று அலைச்சல். ஊர்ப் பத்திரத்தில் நான் ச. முத்துச்செல்வி. இங்கே பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, முப்பது வருடத்துக்கு முன்னால் செத்துப்போன அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் என்னைக் கூப்பிடுகிறார்கள். இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க ஒரு காகிதம், அந்தக் காகிதம் உண்மை என்று நிரூபிக்க இன்னொரு காகிதம். எனக்கே நான் யார் என்று சந்தேகம் வந்தபோது, நேரில் போய்விடுவது மேல் என்று டிக்கெட் போட்டேன்.

மதுரையில் இறங்கி, காரியாபட்டி வழியாக அருப்புக்கோட்டை, அங்கிருந்து டவுன் பஸ். இறங்கும்போது வாய் தானாக, "ரொம்ப நன்றிங்க" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டது. ஸ்காட்லாந்தில் எல்லோரும் டிரைவருக்கு நன்றி சொல்லித்தான் இறங்குவார்கள். அவர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "எதுக்கும்மா?" என்றார். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது.

வடக்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை கண்ணாடிப் பலகைகள். தண்ணீர் நிற்கிறதோ என்று ஒரு நிமிடம் ஏமாந்தேன். மதினி பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். நடையில் ஒரு சாய்வு வந்திருந்தது. முட்டியில் கைவைத்துத்தான் வீட்டு வாசல் திண்டு ஏறினார். கேட்டதற்கு, "அதுக்கென்ன, இருக்கு," என்றார்.

மறுநாள் விதை அறையில் கூட்டம். நான் வந்திருக்கிறேன் என்பதற்காகவே கூட்டியிருந்தார்கள். குதிரைவாலி வாசமும் சாம்பல் வாசமும் கலந்து அடித்தது. தரையில் பெண்கள், வாசலில் நாலைந்து ஆண்கள். கண்மாய்ப் பாசன விவசாயி தங்கபாண்டி அண்ணன்தான் பேச்சைத் தொடங்கினார்.

"நாங்க யாரும் ஒன்னக் குடுக்காதன்னு சொல்ல முடியாது தாயி. அது ஒங்க எடம். குடுத்தவுகளையும் நாங்க குத்தம் சொல்லல, அவுகவுக கஷ்டம் அவுகவுகளுக்கு. ஆனா வரத்துக்கால் அடைபட்டுச்சுன்னா கண்மாய்க்குத் தண்ணி இல்ல. கண்மாய்க்குத் தண்ணி இல்லன்னா இந்த டிரம்மையெல்லாம் கவுத்து வச்சிர வேண்டியதுதான்."

நான் மதினியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து சாவியின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பாவம், தன் வாயால் கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். தோட்டத்துக் கூட்டத்தில் என் நிலத்துக்குக் கை தூக்கினவர்கள் ஞாபகம் வந்தது. மார்கரெட், பொறியாளர், பெற்ற மகள். எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது.

எழுந்து நின்றேன். "நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றேன். "எங்க அண்ணன் இருந்தாலும் இதத்தான் சொல்லிருப்பாரு. வரத்துக்கால் இருக்க மாதிரியே இருக்கட்டும். மதினியும் நானும் குடுக்குறதா இல்ல."

கைதட்டினார்கள். ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கபாண்டி அண்ணன் கும்பிட்டார். வெளிநாட்டுக்குப் போய் இத்தனை வருடத்தில், ஊருக்கு நான் ஒரு மனுஷியாகத் தெரிந்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மதினி கைதட்டினாரா என்று நான் கவனிக்கவில்லை.

5

மதினி எனக்கு முன்னாலேயே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் முற்றத்தில் காய்ந்த உளுந்தைக் கூட்டி அள்ள ஆரம்பித்தார். நானும் குனிந்தேன்.

"வையி அத," என்றார். "நீ யாரக் கேட்டு அப்பிடிச் சொன்ன?"

எனக்குப் புரியவில்லை. "என்ன மதினி, நீங்கதான விதை அறைய..."

"வெதை அறைச் சாவி எங்கிட்டதான் இருக்கு. அதுக்காக? இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் இன்னும் எத்தன வருசம் அந்தக் காட்டுக்குள்ள கெடந்து வேகணும்? குத்தகை வந்தா ஒக்காந்து கஞ்சி குடிக்கலாம்னு இருந்தேன். எம்மவன் கூப்புடுறான், அங்க போயி மருமக கையப் பாத்துக்கிட்டு இருக்க எனக்குப் பிரியமில்ல."

"அப்ப ஏன் மதினி எங்கிட்ட நேராச் சொல்லல?"

"எப்பிடிடி சொல்லுவேன்? வரத்துக்கால வெட்டணும்னு வீடு வீடாப் போயிக் கூப்புட்டவ நானு. இன்னைக்கு நானே குடுக்குறேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? அதான் ஒன்னச் சொல்லச் சொன்னேன். நீ என்ன சொன்னாலும் சரின்னு சொன்னேன்ல? வெளிநாட்டுக்காரி எழுதிக் குடுத்துட்டா, பேச்சி என்ன செய்வா பாவம்னு ஊரு ஒன்னத் திட்டும். நீ பிளேனு ஏறிப் போயிருவ. ஒனக்கு என்ன ஒட்டப் போகுது?"

எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். வரன் பிடிக்கவில்லையா, துபாயில் இருக்கிற மாமன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்பார்கள். வீட்டை விற்க வேண்டுமா, சிங்கப்பூர்த் தம்பி பிடிவாதம் பிடிக்கிறான் என்பார்கள். வெளியூரில் இருக்கிறவன் ஊரின் பழியைச் சுமக்கத்தான் இருக்கிறான். சின்ன வயதில் அப்படி எத்தனை பேச்சு கேட்டிருக்கிறேன். இத்தனை வருடம் வெளியே இருந்ததில், 'நீ சொல்லு' என்றால் 'எனக்காக நீ பழியை ஏற்றுக்கொள்' என்று அர்த்தம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. நான் நிஜமாகவே என் கருத்தைக் கேட்கிறார் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன்.

"இப்பப் போயி மாத்திச் சொல்லிருதேன் மதினி. தரகருக்குப் போன் போடுங்க. பழி என் மேலயே இருக்கட்டும்."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "ஊரு முன்னாடி கைதட்டிட்டாக. 'மதினியும் நானும்'னு எம் பேரையும் சேத்துல்ல சொன்ன? இனிமே நீ போட்டாலும் நான் எப்பிடிப் போடுவேன்?"

முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டு அவரே சொன்னார், "வரத்துக்கால் அடைபடுறதும் எனக்குப் பொறுக்காதுதான். அதையும் சொல்லணும்ல." சொல்லிவிட்டு உளுந்தைப் புடைக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு எது வேண்டும் என்று அவருக்கே தெரியாதோ என்று அப்போது எனக்குத் தோன்றியது. தெரியும், இரண்டும் வேண்டும். எனக்குத்தான் அதை எங்கே வைத்துப் பார்ப்பது என்று தெரியவில்லை.

6

திரும்பி வந்துவிட்டேன். கயலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அப்போ நீ, அத்தை ரெண்டு பேரும் lose, ரெண்டு பேரும் win-ஆ?" என்றாள். தெரியவில்லை என்றேன். தோட்டத்தில் மார்கரெட், வரத்துக்கால் தப்பியதைக் கேட்டுவிட்டுக் கண் கலங்கி, இதைக் குழுவின் செய்தி இதழில் எழுதட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்பதற்குள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு என் பாத்திப் பக்கம் போய்விட்டேன்.

கம்பெனிக்காரர்கள் எங்கள் நிலத்தை விட்டுவிட்டு மூன்று பக்கமும் வேலி போட்டார்கள். ஐப்பசியில் மழை நன்றாக இறங்கியது. வரத்துக்கால் கரை தொட்டு ஓடியது. கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் போவதைத் தங்கபாண்டி அண்ணன் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். 'எல்லாம் செல்வி புண்ணியம்' என்று பின்னால் யாரோ சொல்கிற குரல் கேட்கிறது. அதைப் பலமுறை போட்டுப் பார்த்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதினிக்குப் போன் செய்தேன். காட்டில் இருந்தார். மூச்சு வாங்கியது. குதிரைவாலி முழங்கால் உயரம் வந்துவிட்டதாம், களையும் அதற்குச் சமமாக வந்துவிட்டதாம்.

"ஆளு வச்சு எடுங்க மதினி. கூலிய நான் பாத்துக்குறேன்."

"ஆளு எங்கடி இருக்கு? நிழலு, தண்ணி, வாரம் பொறந்தாச் சம்பளம். அம்புட்டுப் பேரும் சோலாருக்குள்ள புல்லு வெட்டப் போயிட்டாக." குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "கண்மா நெறஞ்சு கெடக்கு. போறவுக வாரவுக எல்லாரும் ஒன்னத்தான் நல்லவன்னு சொல்லுதாக. கேக்க நல்லாத்தான் இருக்கு."

"மதினி..."

"வா. வந்து ஒரு நெரை களை எடுத்துட்டுப் போ."

அவர் போனை வைக்கவில்லை. களைக்கொத்து மண்ணில் விழுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிறாரா, போனை அணைக்க மறந்துவிட்டாரா என்று தெரியாமல் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.